ஒளி சிகிச்சை: கட்டுரையில் விடுபட்ட பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், மூளைக்கும் குடலுக்கும் நல்லது செய்யும் ஒளி சிகிச்சை என்று அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. பேப்பரில் அதை நான் கவனிக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருந்த நகலில்தான் படித்தேன். அதற்குக் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலையில் சிவப்பாக மினுங்கும் தொப்பியும் வயிற்றில் அகலமான பெல்ட்டுமாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் என் அண்ணன்.

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். மணிமுத்தாறு மலையடிவாரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் 33 வருஷம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்தவள். உங்கள் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரியே எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த ஆய்வுகளை எத்தனை பேரிடம் செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் வீட்டில் ஒருவர் விழுந்து அடிபட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வயது 71. மார்க்கெட் பக்கத்தில் 40 வருஷத்துக்கு மேல் தையல்கடை வைத்திருந்தவர். அவருடைய அளவு நோட்டுகளை மதினி இன்னும் மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். பழைய நோட்டுகளில் எழுத்து கொண்டைக்கடலை மாதிரி உருண்டு திரண்டு இருக்கும். உயரம் 29, தோள் 18, கழுத்து 15½ என்று ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும். 2016 நோட்டைப் பிரித்தால், வரி தொடங்கும்போது சரியாக இருக்கும் எழுத்து, முடிவதற்குள் சுருங்கிச் சுருங்கி எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு மாப்பிள்ளைச் சட்டைக்கு அவர் எழுதிய 15½ஐக் கடைப் பையன் 13½ என்று படித்துக் காலரை வெட்டிவிட்டான். அண்ணன் அந்தப் பையனைத்தான் திட்டினார். கை நடுங்க ஆரம்பித்ததே அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான். எழுத்து சிறுத்துப்போவது பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோயின் அடையாளங்களில் ஒன்று என்று பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர் சொன்ன பிறகுதான் நோட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம்.

அன்றைக்கு டாக்டர் இன்னொன்றும் கேட்டார். மலச்சிக்கல் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று. மதினி யோசிக்கவே இல்லை. "சின்னவளுக்குக் கல்யாணம் முடிஞ்ச வருஷத்துல இருந்து இருக்கு சார்" என்றார். கணக்குப் பார்த்தால் 12 வருஷம். கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய், ராத்திரிக்கு ரெண்டு நாட்டு வாழைப்பழம் என்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதே காலத்தில் வாசனையும் போயிருக்கிறது. மதினி சொதிக்குத் தாளித்தால் தெருமுனையிலேயே தெரிந்துகொள்கிற மனுஷன், அடுக்களையில் பால் தீய்ந்தது தெரியாமல் பட்டாசலில் (வீட்டு நடுக்கூடத்தில்) உட்கார்ந்திருந்தாராம். ஊரில் யார் வீட்டு மலச்சிக்கலையும் விசாரித்து எழுதிக்கொண்டு வந்த எனக்கு, கூடப்பிறந்தவரின் மலச்சிக்கல் ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியபோதே நோயாளிகளின் குடல் மந்தப்படுவதைக் குறித்து வைத்தார். 2003இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைகோ பிராக் என்ற உடற்கூறு அறிஞர், நோய் மூக்கிலோ குடலிலோ தொடங்கி, வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக மேலே ஏறுகிறதோ என்று ஒரு கருத்தைச் சொன்னார். எல்லா நோயாளிக்கும் அது பொருந்துவதில்லை. ஆனால் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே குடல் மந்தப்படுவது பலரிடம் இருக்கிறது. இதைத்தான் உங்கள் கட்டுரையும் சொன்னது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "ஏளா, என் கதையை அப்படியே எழுதியிருக்காம் பாரு" என்றார். தன் உடம்பில் நடந்தது பேப்பரில் வந்திருக்கிறதே என்ற அந்த நம்பிக்கையோடுதான் அவர் மண்டபத்துக்குப் போனார்.

இனி ஒளி விஷயம். ஒளியால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் சிரிக்கிற ஆள் நான் இல்லை. மஞ்சள் காமாலையோடு எத்தனையோ பச்சைப்பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே ரெண்டு மூணு நாள் படுக்க வைத்து, நிறம் தெளிந்து திரும்பி வருவார்கள். அந்த சிகிச்சை வந்த கதையை நான் எங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லுவேன். 1956இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவாராம். ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அப்புறம் ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்த மாதிரிக் குழாய் ஒன்றில், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் அளவு குறைந்திருந்ததையும் பார்த்தார்கள். 1958இல் கிரீமர் என்ற டாக்டரும் கூட வேலை செய்தவர்களும் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் கண்ணில் பட்டதை வைத்து இன்றைக்கு உலகம் பூராவும் குழந்தைகள் பிழைக்கின்றன.

ஆனால் அதே ஒளியை வைத்து எங்கள் கிராமங்களில் நடந்த தவறையும் பார்த்திருக்கிறேன். "காலை வெயிலில் காட்டினால் சரியாப் போகும்" என்று நாலு நாள் வீட்டிலேயே வைத்திருந்து, பிள்ளை பால் குடிக்காமல் துவண்ட பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எந்த நிறம், எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில், ரத்தத்தில் எத்தனை இருந்தால் என்பதெல்லாம் சேர்ந்துதான் அது வைத்தியம் ஆகிறது. அந்த அளவு தெரியாத வெளிச்சத்தை நம்பி நாளைக் கடத்தினால் பிள்ளையின் மூளை பாதிக்கும்.

மண்டபத்தில் மாட்டியிருந்த சிவப்பு விளக்கு வேறு வகை. அதன் கதை 1967இல் ஹங்கேரியில் புடாபெஸ்டில் தொடங்குகிறது. எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர் எலிகளின் முதுகு மயிரை மழித்துச் சிவப்பு லேசரைக் காட்டியபோது, காட்டிய இடத்தில் மயிர் சீக்கிரம் வளர்ந்தது. நம் செல்லுக்குள்ளே சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் அது உறிஞ்சிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம். இதில் இன்னொரு நுட்பம், அளவு கூடினால் பலன் கூடுவதில்லை, குறையவும் செய்யலாம். அரை மணி நேரம் நல்லது என்றால் ரெண்டு மணி நேரம் இன்னும் நல்லது என்று மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கின்சன் நோய்க்கு இந்த ஒளியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் நடந்து 2021இல் வெளிவந்தது. தலை, மூக்கு, கழுத்து, வயிறு நான்கிலும் ஒளி காட்டினார்கள். நடை, உடம்பின் சமநிலை, விரல் வேலை, யோசிக்கும் திறன் இவற்றில் முன்னேற்றம் தெரிந்தது, சிலவற்றில் ஒரு வருஷம் வரை நீடித்தது. சந்தோஷமான செய்திதான். அதில் கலந்துகொண்டவர்கள் 12 பேர். உங்கள் கட்டுரையில் 'ஆஸ்திரேலிய ஆய்வில் நிரூபணம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, 12 என்ற எண் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வளைகாப்புக்கே அதைவிட அதிகம் பேர் வருவார்கள். பொய்யான விளக்கைக் காட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியும் அந்த ஆய்வில் இல்லை.

ஒப்பிடுவது ஏன் முக்கியம் என்பதற்கு என் அண்ணனே சாட்சி. முதல் வாரம் அவர் நிஜமாகவே நன்றாக நடந்தார். நானே பார்த்தேன். வாசல் நடையில் வழக்கமாகத் தயங்கி நிற்கும் கால் தயங்காமல் தாண்டியது. மதினி சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார். இதை நடிப்பு என்றோ மனப்பிரமை என்றோ யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2001இல் கனடாவில் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எது மருந்து என்று தெரியாதபடி மருந்தில்லாத ஊசியைப் போட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். குணமாகப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்கள் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரந்திருந்தது. அந்த நோயில் குறைவதே டோபமின்தான். அதனால் நம்பிக்கையால் வந்த நடையும் உண்மையான நடைதான். ஆனால் அது சில நாள் தாங்கும், அப்புறம் இறங்கிவிடும். விளக்கினால் வந்தது எவ்வளவு, நம்பிக்கையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் பொய் விளக்கு வேண்டியிருக்கிறது.

பெரிய அளவில் ஒப்பிட்டபோது கைவிட்ட கதையும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு மண்டையோட்டின் மேல் லேசர் காட்டும் சிகிச்சை, முதலில் 120 பேரிடம் செய்தபோது நம்பிக்கை கொடுத்தது. மூன்றாவது ஆய்வில் 500 பேருக்கு மேல் பார்த்தபோது பலன் இல்லை என்று தெரிந்து பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேறொரு சிக்கலும் இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் செல்கள் அழிகிற இடம் தலைக்குள்ளே வெகு ஆழத்தில் இருக்கிறது. மயிர், தோல், எலும்பு தாண்டி வெளி விளக்கின் ஒளி அவ்வளவு தூரம் போய்ச் சேராது. பிரான்சில் கிரனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மெல்லிய ஒளியிழையை மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் ஆய்வில் இறங்கியிருப்பது இதனால்தான். இன்னொரு பக்கம், சிட்னியில் எலிகளின் தலையை மறைத்துவிட்டு உடம்புக்கு மட்டும் ஒளி காட்டியபோதும் மூளைச் செல்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. வயிற்றில் காட்டுவது இந்த யோசனையிலிருந்து வந்தது. இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் வைத்து, கணக்கு வைத்துத் தேடவேண்டிய விஷயம். தேடட்டும், நானும் ஆவலாகவே இருக்கிறேன்.

கட்டுரையில் இன்னொரு குழப்பம் இருந்தது. ஒளி பட்டால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் பெருகும் என்று எழுதி, அதற்கு வான்கூவரில் நடந்த வேறொரு ஆய்வைக் காட்டியிருந்தீர்கள். 2019இல் 21 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது புற ஊதா ஒளி. வைட்டமின் டி மாத்திரை சாப்பிடாத பெண்களிடம்தான் குடல் கிருமிகளின் வகை கூடியது. மண்டபத்துப் பெல்ட்டில் இருப்பது சிவப்பு விளக்கு. காமாலைக்கு நீலம், வைட்டமின் டிக்குப் புற ஊதா, தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் பிரகாசமான வெள்ளை, இந்தப் பெல்ட்டுக்குச் சிவப்பு என்று எல்லாம் தனித்தனி. எல்லாவற்றையும் ஒளி என்ற ஒரே பெயரில் ஒரே பக்கத்தில் போட்டதும், விற்க வந்தவர்களுக்கு நாலு ஆய்வும் தங்கள் பெல்ட்டுக்குக் கிடைத்த சான்றிதழாகிவிட்டது.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். பத்து நாள் இலவசம். பதினோராவது நாள் தொப்பியும் பெல்ட்டும் சேர்த்து 92,000 ரூபாய். மதினி தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பேன் என்று தெரியும். அங்கே இருந்த பையன் ஒருவன், வெள்ளைக் கோட்டு போட்டவன், "மாத்திரை எல்லாம் கெமிக்கல், குடலைக் கெடுக்கும், விளக்கு வேலை செய்யணும்னா மாத்திரையைக் குறைங்க" என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் குறைக்கவில்லை. ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் விடியற்காலையில் மதினியிடமிருந்து போன். "நேத்து ராத்திரியில இருந்து அசையமாட்டேங்காவ, மூணு நாளா மாத்திரை போடலையாம், இப்பதான் சொல்லுதாவ" என்று அழுதார். நான் போனபோது புறவாசல் நடையில் விழுந்து கிடந்த இடத்திலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டிருந்தார்கள். உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை, கண் மட்டும் என்னையே பார்த்தது. பேச முயன்று உதடு மட்டும் மெல்ல அசைந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். "காலைத் தரை புடிச்சிக்கிட்டு ஏளா" என்றார். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.

அண்ணன் சாப்பிட்டது லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரை. அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். புருவத்தில் நாலு தையல். பிழைத்துக்கொண்டார். நான் இந்தக் கடிதத்தில் வேறு எதையும் உங்களால் வெளியிட முடியாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்ற இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது வெளியிடுங்கள்.

குடலுக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவைப் பற்றியும் யாரும் எங்களுக்கு முன்னால் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு இளம் டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். லெவோடோபா சிறுகுடலில்தான் ரத்தத்தில் ஏறுகிறது. புரதமும் அதே வாசலில் நுழையப் பார்க்கும். அண்ணன் மூணு வருஷமாக மாத்திரையைக் காலையில் பாலோடும், மதியம் பருப்புச் சோற்றுக்கு நடுவிலும் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் போடுகிறார். மலச்சிக்கல் இருந்தால் மாத்திரை வேலை செய்வதும் தாமதப்படும் என்பதால் தண்ணீர், கீரை, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு, தேவைப்பட்டால் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து. இதற்கெல்லாம் ஆன செலவு மிகக் கொஞ்சம். மதியம் கால் ஒட்டிக்கொள்ளும் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டுச் சிலர் பொடி வாங்கி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அளவு தெரியாமல் இரட்டிப்பாகிவிடும், டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.

ஒளியில் எங்களுக்கு நிஜமாக உதவியது ஒன்று இருக்கிறது. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்பக்கத் தார்சாவில் விழுகிற வெளிச்சம் பட்டாசலுக்குள் வருவதற்குள் செத்துவிடும். கடையை மூடிய பிறகு அண்ணன் அந்தப் பட்டாசலில்தான் நாள் முழுக்க இருந்தார். பகலெல்லாம் தூங்கி வழிவார், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார். என் பேத்தி செல்போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு அளந்தாள். காலை எட்டு மணிக்கு டியூப்லைட் எரியும்போதே அவர் நாற்காலிப் பக்கம் 90தான். புறவாசலில் வேப்பமர நிழலில் 6,000க்கு மேல் காட்டியது. மொட்டைமாடியில் 40,000ஐத் தாண்டியது. செல்போன் கணக்கு துல்லியமாக இராது, ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். நம் கண்ணுக்குள்ளே பார்ப்பதற்காக இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 90 லக்ஸ் போதாது. குடலுக்கும் அந்த உடல் கடிகாரம்தான் நேரம் சொல்கிறது, காலையில் எழுந்ததும் வயிறு இளகுவது அதனால்தான். 2017இல் அமெரிக்காவில் 31 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குப் பிரகாசமான வெள்ளை ஒளி 10,000 லக்ஸ், மீதிப் பேருக்கு ஒப்பிடுவதற்காக மங்கிய சிவப்பு ஒளி. வெள்ளை ஒளி பெற்றவர்களுக்குப் பகல் தூக்கம் நன்றாகக் குறைந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் ஒப்பீடு இருந்தது. இதற்கு விளக்கு வாங்கவேண்டியதில்லை, திருநெல்வேலிச் சீமையில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

இப்போது ஆறரைக்கு அண்ணனைப் புறவாசலுக்குக் கூட்டி வருகிறோம். நேரே சூரியனைப் பார்க்கக்கூடாது, வெளியில் இருந்தால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் இருப்பார். வாரத்தில் மூணு நாள் மருமகன் பைக்கில் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகிறார். தாமிரபரணியில் முன்னே மாதிரி இறங்கிக் குளிக்க முடியாது. படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து பழைய வாடிக்கைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். நோய் தீரவில்லை. ராத்திரி தூங்குகிறார், காலையில் மலம் இறங்குகிறது.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ரொம்ப நாளாக நெஞ்சில் இருப்பது. சிவப்பு ஒளி பலன் தரும் என்று உலகத்து நிபுணர் குழுக்கள் ஏற்றுக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது வாயெல்லாம் புண்ணாகும். அதைத் தடுக்க வாய்க்குள் குறைந்த அளவு லேசர் காட்டலாம் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. 2018இல் இங்கிலாந்து அரசின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாளெல்லாம் இலை வெட்டிச் சுருட்டியவள், கதிர்வீச்சு நடந்த ஆறு வாரமும் ஆறிய கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு கரண்டி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். அவள் வாய்க்கு இந்த விளக்கைக் காட்ட ஒரு ஆளும் வரவில்லை. அவளிடம் 92,000 ரூபாய் இல்லை.

அதனால் தங்கள் மூலமாக மாவட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவத் துறைக்கும் சொல்ல விரும்புகிறேன். மூளை நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கு 2017இல் தனி விதிகளும் வந்துவிட்டன. கல்யாண மண்டபத்தில் முகாம் போடுகிறவர்களிடம் கருவிக்குப் பதிவு இருக்கிறதா, கூட டாக்டர் இருக்கிறாரா என்று சுகாதாரத் துறை ஆய்வாளர் ஒருவர் போய்க் கேட்டாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு வாய்ப்புண் லேசர் கிடைக்க வழி செய்யுங்கள். பார்க்கின்சன் நோய்க்கு ஒளி பலன் தருமா என்பதை இங்கேயே பொய் விளக்கோடு ஒப்பிட்டு ஆராயட்டும். அப்படி ஒன்று நடந்தால் அண்ணனே முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன் என்கிறார், மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில் இதை வெளியிடுங்கள். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். லேமினேட் செய்து கொண்டுவந்தால் கடை முகப்பில் மாட்டிக்கொள்ள இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.